கடிவாளத்தைச் சுவைத்துப் பார்த்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல. எங்கள் மேனேஜரிடம் ஒரு பெயர் சொல்லியிருந்தார், சாயாக்கடையில் இன்னொன்று, என்னிடம் மூன்றாவது. இவற்றில் எது மெய் என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்குக் கேக்குற?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் அவர் குதிரைக்காரர்.

அவர் வந்த வருடத்தில் எனக்குக் குழப்பமில்லை. 1978, என் மூத்த மகள் பிறந்த ஆண்டு. ஐப்பசி மழையை இங்கே துலாவர்ஷம் என்பார்கள். அது விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு பாண்டிகசாலையில் நான் அப்போது கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி குஜராத்திக்காரர். தாத்தா காலத்திலிருந்தே கொச்சிவாசி. அவருடைய மூத்த மகனுக்கு மகர மாதத்தில், அதாவது தையில், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பெண்குதிரைமேல் ஏறி ஊர்வலம் வருவது அவர்கள் வழக்கம். வாடகைக் குதிரை கடைசி நேரத்தில் காலை வாரிவிடும் என்று முதலாளி ஒரு குதிரையையே வாங்கிவிட்டார். பெங்களூரில் பந்தயம் ஓடி ஓய்ந்த செந்நிறப் பெண்குதிரை. நெற்றியில் வெள்ளைக் கோடு. லாரியில் அது வந்து இறங்கியபோது அதன் பின்னாலேயே அவரும் இறங்கினார். ஒரு கையில் படுக்கைச் சுருள். இன்னொரு கையில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி.

பந்தயக் குதிரைக்கு ஓடத்தான் தெரியும். பாண்டு வாத்தியத்துக்கு நடுவே, பழக்கமில்லாத ஒருவனைச் சுமந்துகொண்டு, ஆமை வேகத்தில் நகரத் தெரியாது. அதைப் பழக்கத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். கிண்டியில் பெரிய லாயத்தில் இருந்தவர் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று பின்னால் விசாரித்துப் பார்த்தேன். அவரேதான் சொல்லியிருந்தார்.

மரப்பெட்டிக்குள் கடிவாளங்கள் இருந்தன. நாம் தலைவார், லகான் எல்லாவற்றையும் சேர்த்துக் கடிவாளம் என்போம். அவருக்குக் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பு மட்டும்தான் கடிவாளம். நடுவில் மூட்டு வைத்த இரண்டு துண்டு இரும்பு ஒன்று, நேர்க் கம்பி ஒன்று, ரப்பர் சுற்றிய தடித்த கம்பி ஒன்று, பக்கத்துக்கொரு நீளக் கை வைத்துத் தாடைக்கடியில் சங்கிலி ஓடுவது ஒன்று. இன்னும் சில இருந்தன. அவற்றை அவர் வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

தினமும் காலையில் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுப்பார். தண்ணீரில் கழுவுவார். அதன்பிறகு அதை முதலில் தன் வாயில் வைப்பார். நாக்கால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவுவார். சற்றுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். துப்புவார். திருப்தியானால்தான் குதிரைக்கு.

முதல்நாள் இதைப் பார்த்த சாயாக்கடைக்காரர், "சேட்டா, உப்பு போதுமா?" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ராத்திரி எவனாச்சும் வந்து இன்னாத்தையாவது தடவி வச்சிருந்தா, இது வாயில்லா சீவன், சொல்லுமா? ரேசுல எல்லாம் நடக்கும், கணக்கு. நீ நம்ப மாட்ட."

என்னை அவர் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார். நான் ஒருமுறை அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வாயில் அதுதான் வரும். "நான் உனக்கு அண்ணன்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இதற்குப் பின்னால் என்ன திட்டம் என்பதுபோல.

பஜாரில் ஒரு பொருளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிதல்ல. காற்றே மிளகும் சுக்குமாகத்தான் வீசும். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட மிளகு வாசனை இருக்கும். மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் கடிவாளத்தை வாயில் வைத்தவர் 'த்தூ' என்று துப்பினார். உறைத்திருக்கிறது. பாண்டிகசாலையின் பின்கட்டில் குதிரை நின்றது. அடுத்த அறையில் சுக்கு மூட்டைகள். எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. வாசலில் லோடு இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுத் தொழிலாளிகளை ஒவ்வொருவராக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

மட்டாஞ்சேரியில் சுமட்டுத் தொழிலாளியின் கையை முகர்ந்து பார்ப்பது என்ன காரியம் என்று வெளியூர்க்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐந்தாவது ஆள் யூனியன் கன்வீனர்.

"எந்தாடோ, நான் என்ன கள்ளனா?" என்று அவர் தலைச்சுமையைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். அன்று லாரி அப்படியே நின்றது. மத்தியானம் மேனேஜர் போய்ப் பணிவாகப் பேசி, எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மூட்டை உள்ளே வந்தது.

திரும்பி வந்த மேனேஜர் குதிரைக்காரரிடம், "எடோ, எல்லார் கையிலும் சுக்கு மணக்கும். என் கையிலும் மணக்கும். இதோ முகர்ந்து பார்" என்று கோபத்தில் கையை நீட்டினார்.

அவர் முகர்ந்து பார்த்தார். "ஆமா, உன் கைலயும் கீது," என்றார். அன்றிலிருந்து மேனேஜரும் அவருடைய சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார்.

மேனேஜருக்கும் அவர்மேல் நம்பிக்கை கிடையாது. "கண்டிப்பா கள்ளன்தான் தம்பி. நேரா ஒரு பதில் சொல்கிறானா பார்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், நானும் மேனேஜர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. வந்து பல நாட்களாகியும் குதிரை நடக்கவில்லை. காலையில் ஃபோர்ட்கொச்சி பரேடு மைதானத்துக்குக் கொண்டுபோவார். முதலாளிக்குத் தகவல் சொல்வதற்காக மேனேஜர் என்னையும் கூட அனுப்புவார். அவர் ஏறி உட்கார்ந்து லகானைக் கொஞ்சம் இறுக்கினால் போதும், அந்தப் பெண்குதிரை கழுத்தை நீட்டி, இரும்பைக் கடித்துக்கொண்டு, பறப்பாள். அவளைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆகவே நான் ஃபோர்ட்கொச்சி நூலகத்துக்குப் போய், வெள்ளைக்காரர் காலத்துக் குதிரையேற்றப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து இரண்டு மாலைகள் உட்கார்ந்து படித்தேன். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் குதிரைக்குக் கடிவாளம் மாற்றுவதைப் பற்றி அதில் ஓர் அதிகாரமே இருந்தது. பந்தயத்தில் லகானை இறுக்குவது நிற்கச் சொல்வதாகாது. ஓட்டக்காரன் கொடுக்கும் பிடிப்பில் சாய்ந்துகொண்டுதான் குதிரை வேகம் எடுக்கிறது. எனவே இழுக்க இழுக்க ஓடும். கடுமையான இரும்பு போட்டால் வலியில் இன்னும் ஓடும். மென்மையானதற்கு மாற்று, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய், பழைய ஓட்டத்தை நினைவூட்டும் வடிவத்தைத் தவிர். இவ்வளவும் போட்டிருந்தது.

மறுநாள் அவரிடம் சொன்னேன்.

"யார் எழுதுனது?"

"ஒரு வெள்ளைக்காரர்."

"அவனுக்கு நம்ம கொச்சி மாப்பிள்ளையத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வை."

ஆனால் அடுத்த நாளிலிருந்து மூட்டு வைத்த பந்தய இரும்பு பெட்டிக்குள் போய்விட்டது. நேர்க் கம்பி வந்தது. ஒரு வாரம் அதையே போட்டார், வேறெதையும் மாற்றவில்லை. புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடிவாளம் தேர்ந்தெடுக்கும்போது அவரைப் பார்ப்பது ஓர் அனுபவம். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத வெறும் ஈறு உண்டு. இரும்பு அங்கேதான் உட்காரும். கட்டைவிரலை அங்கே விட்டுத் தடவி, எங்காவது புண்ணோ முளைக்காத பல்லோ இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நூலை வாயின் குறுக்கே வைத்து அகலம் எடுப்பார். எடுத்துவிட்டு, மறுபக்கமிருந்து ஒருமுறை எடுப்பார், தான் எடுத்த அளவின்மேலும் நம்பிக்கையில்லாமல். இரும்பை மாட்டிய பிறகு உதட்டு ஓரத்தில் ஒரு மடிப்பு விழ வேண்டும். ஒன்றுதான். மடிப்பில்லாவிட்டால் இரும்பு தொங்கிப் பல்லில் இடிக்கும், இரண்டு விழுந்தால் வாயைக் கிழிக்கும். மழைக் காலையில் இரும்பு சில்லிட்டிருக்கும் என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேட்டை முழுக்க நடப்பார்.

நேர்க் கம்பியில் அவள் சற்று அடங்கினாள். நீளக் கை வைத்ததை ஒரே ஒருநாள் போட்டுப் பார்த்தார். தாடைச் சங்கிலி இறுகியதும் இரண்டு காலில் எழுந்து நின்றாள். அதைக் கழற்றிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, அன்று முழுவதும் அவளிடம் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். ரப்பர் சுற்றிய தடித்த கம்பிதான் கடைசியில் நிலைத்தது. அதை அவள் மென்றுகொண்டே நடந்தாள். வாய் நுரைத்தது. அவர் ஏறினால், லகானைத் தொடாமல், நடந்தாள்.

அவர் ஏறினால் மட்டும். கல்யாண மாப்பிள்ளை ஒத்திகைக்கு வந்து ஏறியதும், பயத்தில் லகானை இழுத்தார். அவள் கிளம்பிவிட்டாள். மைதானத்தின் ஓரத்து மரத்தடியில் மாப்பிள்ளையை ஒருவழியாக இறக்கினோம்.

அன்று மாலைதான் மேனேஜர் முள் கடிவாளம் என்ற பேச்சை எடுத்தார். வடக்கே ஜட்கா வண்டிக்காரர்களும் கல்யாணக் குதிரைக்காரர்களும் போடுவது. வாய்க்குள் போகும் இடத்தில் முட்கள் வைத்த இரும்பு. பம்பாயிலிருந்து ஒன்றை வரவழைத்தும் விட்டார்.

"சின்ன முதலாளி இதன்மேல் உட்காரப்போகிறார். கீழே விழுந்தால் நானும் நீயும் பதில் சொல்ல முடியுமா தம்பி? தெருவில் எத்தனை பிள்ளைகள் நிற்கும்? இதைப் போட்டால் அசையாது."

"அசையாது," என்றார் குதிரைக்காரர். "நாக்கு துண்டாப் பூடும். அப்பறம் எப்டி அசையும்?"

மதராஸில் ஒரு குதிரையின் நாக்கு பாதி அறுந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். அதே கதையை முன்பு என்னிடம் சொன்னபோது ஊர் மைசூராக இருந்தது. நான் இதைக் கவனித்தேன். மேனேஜரும் கவனித்தார் என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

முதலாளி முடிவு சொன்னார். ஊர்வலம் அன்று குதிரைக்காரர் விருப்பப்பட்ட இரும்பைப் போடட்டும். குதிரை ஓர் அடி பிசகினாலும் அதன்பின் எப்போதும் முள்தான். இளைய மகன் கல்யாணம் வருகிறது, தங்கை பிள்ளைகள் இருக்கிறார்கள், சாதிக்காரர்களும் இரவல் கேட்கிறார்கள். அந்தக் குதிரை இனி வருடம் முழுக்க மாப்பிள்ளைகளைத்தான் சுமக்கப்போகிறது. அதன் வாய் எப்படியிருக்கும் என்பது அந்த ஒரு மாலையில் தீர்ந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் அவர் யாரோடும் பேசவில்லை. ஒரு சாக்குத் திரை கட்டிக்கொண்டு உள்ளேயே ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கடைச் சோற்றையும் நிறுத்திவிட்டு, தானே கப்பைக்கிழங்கு அவித்துத் தின்றார். "குதிரைக்கு மருந்து கொடுத்து மயக்கப்போகிறான்," என்றார் மேனேஜர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஊர்வலத்தன்று மாலை வெயிலில் அவள் வெளியே வந்தபோது தெரு வாயைப் பிளந்தது. முகம் பாதி தெரியாமல் சரிகை வைத்த சிவப்புத் துணி. குஞ்சங்கள், மணிகள். லகானுக்குக்கூடச் சிவப்புப் பட்டு உறை. அவர் வலது பக்கம், அவள் வாயிலிருந்து வரும் ஒரு சிறிய வாரைத் தளர்வாகப் பிடித்தபடி நடந்தார். கூட்டத்தை ஒதுக்கிவிடும் வேலையோடு நான் இடது பக்கம் அவள் தலையை ஒட்டி நடந்தேன். கண்ணைப் பார்த்தேன். மயக்கம் எதுவும் இல்லை. காது நிமிர்ந்திருந்தது.

தெரு திரும்பும் இடத்தில், பாண்டு வாத்தியக்காரர்கள் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ வெடியைக் கொளுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் லகானைப் பிடித்து, பின்னால் சாய்ந்து, உள்ள பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தார்.

அவள் நின்றாள். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

இழுப்பில் சிவப்புத் துணி என் பக்கம் விலகியது. வாயோரத்தில் கடிவாளத்தின் வளையம் தெரிந்தது. அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கையிலிருந்த லகான் அதில் மாட்டியிருக்கவே இல்லை. மேலே, மூக்கைச் சுற்றிப் போட்டிருந்த மூக்குப்பட்டையில் தைத்திருந்தது. இழுத்தது முழுவதும் மூக்கில்தான் விழுந்தது. குதிரையைக் கையால் நடத்திக்கொண்டு போகிறவன் மூக்குப்பட்டையை இழுத்தால் நிற்க வேண்டும் என்று குட்டியிலிருந்தே அதற்குத் தெரியும். வாய் இரும்புதான் அவளுக்கு ஓட்டம். அந்த இரும்பிலிருந்து மாப்பிள்ளையின் கையை அவர் அப்புறப்படுத்திவிட்டார்.

நான் துணியைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது அவள் கழுத்துக்கு அப்பாலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையைப் பாராட்டாதவர் இல்லை. வெடிச் சத்தத்தில் பந்தயக் குதிரையை ஒரே பிடியில் நிறுத்திவிட்டார் என்று இரவல் கேட்ட சாதிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் அதை மறுக்கவில்லை. முதலாளி முகம் மலர்ந்திருந்தது.

மறுநாள் காலை நான் பின்கட்டுக்குப் போனபோது அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நீ பாத்துட்ட."

"பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"இன்னிக்குச் சொல்லமாட்ட."

"என்னைக்கும் சொல்லமாட்டேன். எனக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லாத விசயத்ததான் கணக்கு, ஆளுங்க மொதல்ல சொல்றாங்க." பெட்டியைப் பூட்டினார். "மாப்பிள்ளைக்குப் பொம்மை லகானக் குடுத்துட்டான்னு தெரிஞ்சா, முதலாளி என்னைச் சும்மா வுடுவாரா? ஊரு பாக்கறப்ப அவரு புள்ளைய கொயந்த மாரி தூக்கிட்டுப் போனாங்கன்னு ஆவும்ல?"

"நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா அவளுக்கு முள்தான் போடுவாங்க. அது தெரியும்தானே?"

அந்தக் கேள்விக்கு அவர் கை நின்றது. அவள் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாகப் படித்தேன். 'என்னைத் தங்கவைத்துப் பிடித்துக்கொடுக்கப் பார்க்கிறான்' என்றுதான் அதில் எழுதியிருந்தது.

"அந்த ரப்பர் கம்பியையாவது வச்சிட்டுப் போங்க."

"அது என் பொருளு," என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே வெளியூரிலிருந்து ஒரு ஜட்கா வண்டிக்காரனை மேனேஜர் பேசி முடித்துவிட்டார். இரும்பென்று மீந்திருந்தது முள் கடிவாளம் மட்டும்தான். அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள். நான் ஒருநாள் பொறுத்தேன், இன்னொரு நாள் பொறுத்தேன். பிறகு முதலாளியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

மகனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அப்படியானால் என் பையன் இழுத்தது மூக்கை," என்றார்.

"ஆமாம்."

"நின்றது."

"ஆமாம்."

"வாயில் இருந்த இரும்பு அன்று என்ன வேலை செய்தது?"

யோசித்துப் பார்த்தேன். "ஒன்றும் செய்யவில்லை."

"வேலை செய்யாத சாமானுக்குப் பதிலாக நான் ஏன் இன்னொன்றை மாட்ட வேண்டும்?" என்று மேனேஜரைக் கூப்பிட்டார்.

ஜட்காக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவளோடு பழகியிருந்த எங்கள் காவல்காரர், பக்கத்து ஊரான கும்பளங்கிக்காரர், அவளை நடத்தக் கற்றுக்கொண்டார். இளைய மகன் கல்யாணத்திலும், அதன்பின் எத்தனையோ கல்யாணங்களிலும், அவள் மூக்குப்பட்டையோடு மட்டும் போனாள். மாப்பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் நன்றாகவே குதிரை ஓட்டினார்கள்.

1984 கோடையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மேட்டுப்பாளையம் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் ஊட்டி வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்தில் அந்த மரப்பெட்டியைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டார். நலம் விசாரிக்கவில்லை.

"எப்ப சொன்ன?" என்றார்.

"நீங்க போன அந்த வாரமே."

"வாரமா?" புருவத்தை உயர்த்தினார். "பரவால்ல. நீ அன்னிக்கே சொல்லிட்டிருப்பன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முள் போடவில்லை என்று சொன்னேன். ஏன் சொல்ல நேர்ந்தது என்பதையும், முதலாளி கேட்டதையும், இப்போது வாயில் எதுவுமே இல்லாமல் அவள் போவதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இதில் எந்த இடம் பொய் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இரும்பே இல்லாமயா?"

"இல்லாமல்தான்."

"வெடி போட்டாங்களா?"

"எல்லாக் கல்யாணத்திலும் போடுகிறார்கள். நிற்கிறாள்."

ஊட்டி பஸ் வந்தது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் எழுந்திருக்காமல் பெட்டியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"லகான மூக்குல தச்சப்பவே எனக்குத் தோணுச்சு, கணக்கு. வாயில இருக்கறதக் கயட்டிரலாமேன்னு," என்றார். "கயட்டல. அவ மேலயும் எனக்குச் சந்தேகந்தான்."